மச்சான் சேர்த்துவிட்ட குரூப்

அன்புள்ள மணிமொழிக்கு,

மஸ்கட்டில் நான் நலம். நீயும் இலக்கியாவும் நலமா? உன் அண்ணன் நலமாகத்தான் இருப்பார். போனில் பேசினால் சண்டையாகிவிடும். அதனால் ஊருக்கு வரும் தர்மனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வக்கீலுக்குப் படிக்கப்போகிறவள், பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் எடுப்பது என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. “மாமா ஹிஸ்டரி குரூப்புல சேத்துவுட்டாருப்பா” என்கிறாள். காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பது தாய்மாமன் உரிமை, சரி. பள்ளிக்கூடத்தில் அப்பா கையெழுத்தையும் அவரே போடுவாரா?

எங்கள் கம்பெனி வக்கீலிடம் கேட்டுப் பார்த்தேன். எந்தக் குரூப் எடுத்தாலும் சட்டம் படிக்கலாம், ஹிஸ்டரி என்றால் இன்னும் நல்லது என்றார். இதை உன் அண்ணனிடம் சொல்லிவிடாதே.

தர்மன் கிளம்பிவிட்டான். யூனிபார்மில் அவளைப் படம் எடுத்து அனுப்பு. பக்கத்தில் மச்சான் நிற்கவேண்டாம். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும்.

உன்,
அறிவரசன்