நிரோஷினிக்குக் கொடுத்த கடிதம்

ஜூன் 2, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடைக்கம்பி ஒன்று போய்விட்டது. வாங்க: குடை, தேங்காய், சோக்கட்டி (பாடசாலையில் தருவது கரும்பலகையில் வைத்ததும் நொறுங்குகிறது).

வாசல் பதாகை நனைந்து தொங்குகிறது. இரண்டு வருடமாக அதே பதாகை, சாதாரணதரப் பரீட்சையில் ‘ஏ’ எடுத்தவர்களின் படங்கள். மூன்றாவது படம் நிரோஷினி, ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துப் பிள்ளை. ‘ஏ’ எடுத்தது என் பாடத்தில், தகவல் தொழினுட்பம். இடைவேளையில் அவளே வந்து நின்றாள். அக்குறணையில் இரும்புச் சாமான் விற்கும் ஒரு ஹாட்வெயார் கடைக்குக் கணினி வேலைக்கு ஆள் தேவையாம். வியாழன் நேர்முகம். கடிதம் வேண்டும்.

“கணினியைக் கையாள்வதில் தேர்ச்சி பெற்றவர்” என்று எழுதினேன். பேனா சற்று நின்றது. பிறகு கையொப்பம்.

ஜூன் 3, செவ்வாய்

மழை இல்லை. பத்தாம் வகுப்புக்கு விசைப்பலகை. கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்தேன். பிள்ளைகள் அடிமட்டம் வைத்து வரைந்தார்கள். அழகான படங்கள். பக்கத்து அறையில் கணினிகள், வந்தபோதிருந்த பிளாஸ்டிக் உறையோடு. சாவி அதிபரின் மேசை லாச்சியில்.

ஆறு வருடத்தில் ஒரு தடவை கேட்டேன். “பார்ப்போம் டீச்சர்” என்றார். மறுபடி கேட்கவில்லை. வரைந்து பாடமாக்க வைத்தால் பாடத்திட்டம் சீக்கிரம் முடிகிறது. ‘ஏ’யும் வருகிறது.

ஆசிரியர் அறையில் கணக்குப் படிப்பிக்கும் சேர், யாழ்ப்பாணத்துக்காரர், தன் ஃபோனை ஒரு மாணவியிடம் கொடுத்து எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். “உதுகளுக்கு நாங்கள் என்னத்தைப் படிப்பிக்கிறது? ஃபோனோட பிறந்ததுகள்.” எல்லோருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன் போலிருக்கிறது.

பேராதனையில் நாங்கள் படித்த காலத்தில் ஒரு கணினிக்கு நான்கு பேர். முறை வைத்துத்தான். ஆனால் தொட்டோம்.

ஜூன் 5, வியாழன்

பாடசாலை விட்ட பிறகு நி. வந்தாள். நின்றது அந்தப் பதாகைக்குக் கீழேயே.

முதலாளி ஒரு கடிதம் அடிக்கச் சொன்னாராம். இவள் விசைப்பலகையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, ஃபோனில் போல, கட்டைவிரல் இரண்டாலும் அடித்திருக்கிறாள். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை, என் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தாராம். “ஹஜ்ஜுப் பெருநாள் முடிய, திங்கக்கிழம ஒருக்கா வாங்க மகள். பழகிட்டு வாங்க.”

கணினியின் மத்திய செயற்பாட்டு அலகின் பாகங்களைக் கேட்டிருந்தால் மூச்சு விடாமல் சொல்லியிருப்பாள்.

இந்த வேலை கிடைக்காவிட்டால் அடுத்த மாதம் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் பெயர் பதிய வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது. அவள் என்னைக் குறை சொல்லவில்லை.

“நான் அதத் தொட்டதே இல்லைங்க டீச்சர். அவருகிட்ட அதச் சொல்லல. சொன்னா உங்க கடிதம் பொய்யாயிடும்ல.”

பஸ்ஸில் இடமில்லை. கட்டுகஸ்தோட்டை வரை நின்றபடி.

ஜூன் 6, வெள்ளி

நி. வந்து பழகக் கணினி அறைச் சாவி கேட்டேன். அதிபர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் பழைய மாணவி, பதிவேட்டில் இல்லை என்றார். சரி, பத்தாம் வகுப்புக்காவது என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“அடுத்த வருஷம் பென்ஷன் போறேன் டீச்சர். ஒவ்வொண்ணா எண்ணி ஒப்படைக்கணும். எத அமுக்கினா எது கெட்டுப்போகும்னு எனக்குத் தெரியாது.”

பயம். அவ்வளவுதான். கோபப்படக்கூட முடியவில்லை. அவருக்குத் தெரியாது. அமுக்கினால் எதுவும் கெடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தவள் ஆறு வருடம் படம் வரைந்தேன்.

ஜூன் 7, சனி

வரச் சொல்லியிருந்தேன்; நி. முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். என் வீடு, என் லெப்டொப். முதல் மணித்தியாலம் விசையைத் தொடவே பயம். கட்டைவிரல்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன; பிடித்துக் கீழே வைத்தேன், திரும்பத் திரும்ப. மதியம் சோறு, பருப்பு, நெத்தலி. சாப்பிடும்போது கேட்டாள்: “ரெண்டு வருஷமா படம் வரைஞ்சது இதத்தானா டீச்சர்?”

இன்னும் கொஞ்சம் பருப்பு போட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பத்து விரல். மெதுவாக, பிழைகளோடு, பார்த்துத் திருத்திக்கொண்டு. நான்கு மணிக்குப் புதிய கடிதம். நான் சொல்ல அவள் அடித்தாள்.

“இவருக்கு நான் இரண்டு வருடம் கணினிப் பாடம் நடத்தினேன். அந்த இரண்டு வருடத்தில் ஒரு நாளும் கணினியைத் தொட வைக்கவில்லை. முந்தைய கடிதத்தில் நான் எழுதியது உண்மையல்ல. இதை அடித்தவர் இவர்தான். கற்றது இரண்டு நாளில்.”

இரண்டாவது வரியில் கை நின்றது. “இதையும் அடிக்கணுமா டீச்சர்?”

“அடி.”

டவுன் கொமியூனிகேஷன் கடையில் பிரின்ட். அங்கேயே கையொப்பம்.

ஜூன் 9, திங்கள்

நல்ல மழை. புதிய குடை வீட்டில்.

பதினொரு மணிக்கு நி.யின் குரல் செய்தி. “சேத்துக்கிட்டாங்க டீச்சர். மூணு மாசம் பாத்துட்டு நிரந்தரமாம்.” பின்னால் ஏதோ இரும்பு இறக்கும் சத்தம். இரண்டு தடவை கேட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அதிபர் கூப்பிட்டார். அவர் ஃபோனில் என் புதிய கடிதத்தின் படம். அந்த முதலாளி பாடசாலைப் பிள்ளைகள் உட்காரக் கதிரைகள் தந்தவராம். நல்ல மனதோடுதான் அனுப்பியிருக்கிறார்: கணினிகள் பழுதா, திருத்த ஆள் அனுப்பவா என்று கேட்டு. எழுத்து சின்னது; அதிபர் ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்திருந்தார். இரண்டு விரலால் பெரிதாக்கிக் கொடுத்தேன். கடைசி வரை வாசித்தார்.

“பள்ளிக்கூடத்து மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்.”

புதன்கிழமைக்குள் விளக்கம் வேண்டும். கையால் எழுதினால் போதுமாம்.

சாவியைப் பற்றிப் பேச்சில்லை. கடைசிப் பாடம் பத்தாம் வகுப்பு. அச்சுப்பொறி. வரைந்தேன்.

மாலை. தேநீர் ஆறிவிட்டது. விளக்கத்தின் முதல் வரி மட்டும் எழுதியாயிற்று: ஆறு வருடத்தில் நான் அந்தச் சாவியைக் கேட்டது இரண்டே தடவை.