அளவு ஜாக்கெட்

நவம்பர் 4, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஏழாம் வகுப்புக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஊசியெல்லாம் துரு.

ஸ்டாஃப் ரூமில் என்னைச் சுற்றிக் கூட்டம். என் அக்கா மகள் மெர்சிக்கு இன்னும் இருபது நாளில் கல்யாணம், யார் என்ன உடுத்தினால் எடுப்பாக இருக்கும் என்று. தையல் டீச்சர் என்றால் ஊரார் உடம்புக்கெல்லாம் நான்தான் வைத்தியர். சொன்னவை:

கணக்கு டீச்சர் (குட்டை, பருமன்) - நைலக்ஸ் வேண்டவே வேண்டாம், ஒட்டும். வாயில் சேலை, சின்னக் கரை, நெடுங்கோடு.
பாட்டு டீச்சர் (எலும்பு) - கஞ்சி போட்ட ஆர்கண்டி. பஃப் கை.
ஹெச்.எம். - கழுத்தே இல்லை. முன்கழுத்தை இறக்கி வெட்டினால் தேவலை. சொல்லத் தைரியம் இல்லை.

வீட்டுக்கு வந்தால் அக்காவும் அத்தானும் உட்கார்ந்திருக்கிறார்கள், அத்தான் கையில் சாத்தான்குளத்துச் சம்பந்தியம்மாவின் கடிதம். பெண்ணைப் பெற்றவளுக்குப் பட்டுச்சேலை எடுத்தாயிற்றாம். ஜாக்கெட்டும் அவர்கள் ஊர் டெய்லரிடமே தைக்க வேண்டுமாம். அளவு ஜாக்கெட் ஒன்று கொடுத்தனுப்பவும்.

ஜூனில் மதுரையில் எஸ்தர் அக்காவின் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். தெரிந்தது நாலு பேருக்கு: அக்கா, அத்தான், மெர்சி, நான். ஊருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தாய்க்கு வந்தால் மகளுக்கும் வரும் என்பார்கள், கல்யாணம் நின்றுபோகும் என்று அத்தானுக்குப் பயம். எனக்கும்தான்.

நவம்பர் 7, ஞாயிறு

கோயிலில் மெர்சியின் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை வாசித்தார்கள். அக்கா வரவில்லை. தலைவலியாம்.

எந்த ஜாக்கெட்டை அனுப்புவது என்று கேட்டேன். "ஒனக்குத் தோணுனத அனுப்பு" என்றாள், அரிசி களைந்துகொண்டே. பழைய மெரூன் ரூபியாவை அனுப்பினேன். போன கிறிஸ்துமஸுக்கு நான் தைத்தது. அச்சாகப் பொருந்தும். ஜூன் வரை பொருந்தியது.

நவம்பர் 15, திங்கள்

பார்சல் வந்தது. மயில்கழுத்துப் பட்டு, அரக்குக் கரை. அக்காவின் நிறத்துக்கு இதைவிட நல்ல தேர்வு இருக்க முடியாது. சம்பந்தியம்மாவுக்குக் கண் இருக்கிறது.

அக்கா ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்தாள். இடது கை நுழையவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கை வீங்கியே இருக்கிறது. டெய்லர் உள்ளே துணி விட்டிருந்தான், பிரித்துவிட்டேன். கொக்கி மாட்டினேன். வலது பக்கம் நிறைந்து நின்றது. இடது பக்கம் கோன் கோனாகத் தைத்த துணி, வெறுமனே, உள்ளே ஒன்றுமில்லாமல் தூக்கிக்கொண்டு.

கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "இது நல்லா இருந்தாளே, அவளுக்குத் தச்சது. நான் கோயிலுக்கு வரல. காய்ச்சல்னு சொல்லிரு."

மெர்சி கதவுப் பக்கம் நின்று கேட்டுவிட்டாள். "அம்ம வரலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்" என்று அழுகை. அத்தான் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அது ஒரு வசதி.

தப்பு என்னுடையது. புது ஜாக்கெட் நானே தைக்கிறேன் என்று எழுதியிருக்கலாம். மறைக்கிற அவசரத்தில் பழைய உடம்பின் அளவை எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 16, செவ்வாய்

அரை நாள் லீவு. மல்துணியில் இலவம்பஞ்சு அடைத்து இடது பக்கத்துக்கு ஒன்று செய்தேன். உள்பாடியில் வைத்துத் தைத்தாயிற்று. அக்கா கையைத் தூக்கினாள், அது கழுத்தெலும்புக்கு ஏறிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். ஜூனுக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்த்தது இன்றுதான்.

கனம் வேண்டும். கம்புத் தானியம் அடைத்தால் மழையில் புழு வைக்கும். பின்வீட்டு லூர்து அண்ணாச்சி வலைக்குக் கட்டும் சின்ன ஈயக்குண்டு நினைவு வந்தது. போய்க் கேட்டேன்.

"டீச்சருக்கு ஈயம் என்னத்துக்கு? கடலுக்குப் போகப் போறியளா?"

"ஜன்னல் துணி பறக்குது அண்ணாச்சி. அடியில வச்சுத் தைக்கணும்."

ஒரு பிடி அள்ளிக் கொடுத்தார். பழையது, உப்புப் பூத்தது. புளி போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

நவம்பர் 18, வியாழன்

மழை விட்டது. புழுக்கம்.

ஈயம் வைத்தது இடத்தில் நிற்கிறது. கையைத் தூக்கினாலும், குனிந்தாலும். தலைப்பு போகிற தோள் இடது, அதனால் மறைந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பக்கவாட்டில் திறந்து கிடப்பதும் இடதுதான். தலைப்பை ஒரு சாண் அதிகம் விட்டு மடிப்பு வைக்காமல் போர்த்தச் சொன்னேன். பட்டு விறைப்பாக நிற்கும்.

இரண்டு பக்கமும் சரியா என்று கடைசியாக டேப் பிடித்தேன். வலது கக்கத்துக்குக் கீழே விரலில் ஏதோ தட்டியது. கோலிக்குண்டு அளவு. நகரவில்லை.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்துட்டியா."

"எப்பலேருந்துக்கா?"

"மொத ஓல வாசிச்ச அன்னைக்கு. குளிக்கையில." பிறகு, "மெர்சி கழுத்துல தாலி ஏறட்டும். அதுவரைக்கும் வாயத் தொறந்தேன்னா நீ எனக்குத் தங்கச்சி இல்ல, ஏளா."

ஜெபம் பண்ணத் தெரியவில்லை இன்று. ஆண்டவரே, என்பதோடு நின்றுவிட்டது.

நவம்பர் 21, ஞாயிறு

மூன்றாம் ஓலையும் ஆயிற்று. ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தான் வந்தால் தையலில் குனிந்துகொள்கிறேன். ஒவ்வொரு நாளும் அது வளருமோ. மூன்று நாளில் என்ன ஆகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். என்ன ஆகும் என்று எனக்கு எப்படித் தெரியும்.

வாங்க வேண்டியவை: கொக்கி, சேஃப்டி பின், மல்லிகை, யுடிகோலன்.

நவம்பர் 24, புதன்

நல்லபடியாக முடிந்தது. வெயில்கூட அடித்தது.

அக்கா கோயிலுக்கு வந்தாள். முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கணக்கு டீச்சர் (வாயில், சின்னக் கரை, நன்றாகவே இருந்தது) என் காதில், "ஒங்க அக்கா தேறிட்டாவளே" என்றாள். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே. சம்பந்தியம்மா அக்காவின் தோளைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டு, "பாத்தியளா, எங்க டெய்லரு மயிரிழை பிசகல" என்றார். அக்கா, "ஆமா, நல்ல கை" என்றாள்.

கார் புறப்படும்போது மெர்சி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். விவரம் தெரிந்த பிள்ளை. ஈயம் உறுத்துமே என்று பார்த்து, அம்மாவின் வலது பக்கம் தலையைச் சாய்த்து, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அக்கா முகம் சுளிக்கவில்லை. மகளின் பூவைச் சரி பண்ணிக்கொண்டே இருந்தாள்.

நான் ஹாலுக்குப் பின்னால் போய் அழுதேன்.

நவம்பர் 26, வெள்ளி

மறுவீடு முடிந்து மெர்சி சாத்தான்குளம் திரும்பியதும் அத்தானிடம் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இங்கே டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு மதுரைக்குச் சீட்டு எழுதினார். எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். அக்கா, "நேத்து" என்றாள்.

நவம்பர் 29, திங்கள்

காலை பஸ். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. மெர்சிக்கு இன்னும் தெரியாது.

பெட்டி அடுக்கினேன். பிளாஸ்க், பைபிள், இரண்டு வாயில் சேலை, முன்பக்கம் திறக்கிற ஜாக்கெட் நாலு. அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்துத் தடவிப் பார்த்தாள். பிறகு, ஸ்டாஃப் ரூமில் கேட்பார்களே, அதே மாதிரிக் கேட்டாள்:

"ரெண்டு பக்கமும் இல்லன்னா தைக்கிறது லேசுதானே, ஏளா?"

ஆமாம் என்றேன்.