புரட்டாதிச் சனியைச் சொல்லாமல் விட்டேன்

குஞ்சு,

இன்று பின்னேரம் ஜெனிற்றா வந்துவிட்டுப் போனாள். அவள் போய் வெகுநேரமாகியும் மார்க்கர் பேனை மணம் வீட்டை விட்டுப் போகவில்லை. விறாந்தையில் பாயை விரித்து, பிறிஸ்டல் மட்டையில் பெரிய எழுத்தாக எழுதிக்கொண்டிருந்தாள். போன வருடம் அதே இடத்தில் நீங்கள் இருவரும் முழங்காலில் நின்று எழுதினீர்கள். இன்று அவள் தனியாக எழுதினாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன.

தீவுப் பள்ளிக்கூடங்களின் மெய்யியல் மாநாட்டை இந்த வருடமும் வைக்கப்போகிறார்களாம். நீ போய் ஏழு மாதம். உன் படத்தை முன்னுக்கு வைப்பார்களாம்.

"அன்ரி, அவள் எங்களுக்கு என்ன சொல்லுறவள் தெரியுமோ? பதில் தெரிஞ்ச ஆள் கேட்டா அது சோதனை, தெரியாத ஆள் கேட்டாத்தான் அது கேள்வி எண்டுவாள். அதைத்தான் இந்த முறை வாசல்ல எழுதிப் போடுறம்" என்றாள்.

எனக்குத் தெரியாது, குஞ்சு. நீ அப்படிச் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நான் பெற்ற பிள்ளையின் வாயில் வந்ததை அல்லைப்பிட்டியிலிருந்து ஒருத்தி வந்து எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தீவை விட்டு எல்லோரும் ஓடினோம். அதோடு என் படிப்பு நின்றது. உயர்தரத்தில் அளவையியல் படிக்கிறேன் என்று நீ சொன்னபோது, காணி அளக்கிற படிப்பு என்றுதான் நினைத்தேன். "மெய்யியல் எண்டால் என்ன பிள்ளை?" என்று ஒரு நாள் கேட்டேன். "பிறகு சொல்லுறன் அம்மா, அது பெரிய கதை" என்றாய். அந்தப் பெரிய கதையைத்தான் நாள் முழுக்க அவளோடு கதைத்தாய். அப்பா கண்டிக் கடையில். வீட்டில் இருந்தது நீயும் நானும். அவள் வந்தால் நீயும் அவளும், நான் குசினியில்.

அங்கே நின்றே காது கொடுப்பேன்.

"ஒரு வள்ளத்தின்ர பலகையை ஒவ்வொண்டா மாத்தி, கடைசியில எல்லாப் பலகையும் புதுசெண்டா, அது அதே வள்ளமோ?" இது நீ.

"எங்கட அப்பாட்டக் கேட்டா, பதிவு நம்பர் அதுதானே, பிறகென்ன எண்டுவார்."

"கொப்பர் பெரிய மெய்யியலாளர்தான்!"

சுவர் அதிரச் சிரிப்பீர்கள். எனக்கும் அந்த வள்ளத்துக்கு ஒரு பதில் இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை. தேத்தண்ணி கேட்டீர்கள்.

ஆசிரியர் ஒருவரும் மேடையில் பேசக்கூடாது, பிள்ளைகளே நடத்த வேண்டும் என்று அதிபரின் முன்னால் நின்று வாதாடியவள் நீ. ஐந்து பள்ளிக்கூடத்துக்கும் கடிதம் எழுதியது, நெடுந்தீவுப் படகின் நேரம் விசாரித்தது, கதிரைகளை வட்டம் வட்டமாகப் போட்டது எல்லாம் நீங்கள் இருவரும். மத்தியானச் சாப்பாட்டையாவது என்னிடம் கேட்பாய் என்று காத்திருந்தேன். ஒரு நாள் தலை வாரிக்கொண்டே சொன்னாய்: "சாப்பாடு ஜெனிற்றாட அம்மா செய்யிறா. மீன் அவையின்ர வலையில வாறது. அவவின்ர மீன்குழம்பு விசேசம், அம்மா."

என் குழம்பைப் பற்றிப் பதினேழு வருடத்தில் நீ அப்படி ஒரு சொல் சொன்னதில்லை.

மாநாட்டு நாளைப் போனைப் பார்த்துத்தான் வைத்தீர்கள். குசினிச் சுவரில் தொங்கிய கலண்டரை நான் பார்த்தேன். அது புரட்டாதி முதற்சனி. சைவப் பிள்ளைகள் பலர் அன்றைக்கு மீன் மச்சம் தொடமாட்டார்கள். ஜெனிற்றா மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளை, அவளுக்குத் தெரிய நியாயமில்லை. நீ ஓடிய ஓட்டத்தில் மறந்துபோனாய். நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. முட்டுப்படட்டும், அப்போது அம்மாவைத் தேடி வருவாள் என்று இருந்தேன்.

முதல் நாள் வேலணைச் சந்தையில் மரக்கறி வாங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவைத்தேன். சனி காலை நீ படலையைத் தாண்டியதும் கோயிலுக்குப் போனேன். நேர்த்திக்கடன் இருக்கிறது என்று பொய் சொல்லி, நாற்பது பேருக்குச் சோறாக்கும் கிடாரத்தை எடுத்துவந்தேன். பிள்ளையாருக்குத் தெரியும், எனக்கு என்ன நேர்த்தி என்று.

பன்னிரண்டரைக்குச் சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு ஓடி வந்தாய்.

"அம்மா, பாதிப் பேர் மீன்சோத்துப் பார்சலை அவிழ்க்கேல்லை! இண்டைக்குப் புரட்டாதிச் சனியாம். நெடுந்தீவுப் பிள்ளையள் விடியமுன்னம் வெளிக்கிட்டு வந்ததுகள், பசியோட இருக்குதுகள். ஏதாவது..."

அதற்குள் குசினி வாசலுக்கு வந்துவிட்டாய். கிடாரம் நிறையச் சோறு. பக்கத்தில் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயித்தங்காய், வெட்டி அடுக்கிய வாழையிலை. சோற்றைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"வீட்டில ரெண்டு பேர். இது நாப்பது பேருக்குச் சமைச்சது. அப்ப நீங்கள் முதலே தெரிஞ்சிருக்கிறியள்."

"நீ கேக்கேல்லையே."

"அதுக்காக?"

ஓட்டோவுக்குப் போன் பண்ணினாய்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஜெனிற்றா, அவிழ்க்காத பார்சல்களுக்குப் பக்கத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய தகப்பன் அன்றைய மீனை விற்காமல் முழுவதையும் தந்தவர். அவள் அழுதது எனக்கு இனித்தது. இதை இன்றுதான் எழுதுகிறேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் என்னை மேடைக்குக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். ஜெனிற்றா என்னைக் கட்டிப்பிடித்து, "அன்ரி, நீங்கள் இல்லையெண்டா இண்டைக்கு நாங்கள் நாறியிருப்பம்" என்றாள். நீயும் கைதட்டினாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகத் தட்டினாய்.

பின்னேரம் கிணற்றடியில் கிடாரத்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்தேன். நீ தண்ணீர் அள்ளி ஊற்றினாய்.

"அம்மா, உங்களுக்கு அவளில எரிச்சலோ?"

"ஓம்."

"அப்பாடா. காலமை துடக்கம் எத்தினை கேள்வி கேட்டாச்சு, இதொண்டுக்குத்தான் நேரான பதில் வந்தது."

சிரித்தாய். பிறகு வாளியைக் கீழே வைத்தாய். "அவள் தன்ர பிழையெண்டு நினைச்சுக்கொண்டு திரியிறாள், அம்மா. நீங்களே அவளிட்டச் சொல்லுங்கோ. நான் சொல்லமாட்டன்."

"சொல்லுறன்" என்றேன். இன்றைக்கு, நாளைக்கு என்று மாரி வந்தது. தை மாதம் உனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாளில் எல்லாம் முடிந்தது.

இன்று அவள் மட்டையைச் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "இந்த முறை மாநாட்டு நாளை நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ, அன்ரி. போனமுறை என்ர மொக்குத்தனத்தாலதானே..."

வாய்வரை வந்தது. சொன்னால் அவள் மனம் ஆறும். உனக்குக் கொடுத்த சொல்லும் நிறைவேறும். ஆனால் குஞ்சு, நீ சொன்னது, யோசித்தது, பயந்தது எல்லாம் அவளிடம் இருக்கிறது. கிணற்றடியில் நீயும் நானும் கதைத்த அந்த நாலு வசனம்தான் என்னிடம் இருக்கிறது. அதையும் அவளிடம் கொடுத்துவிட்டால் உன்னில் எனக்கென்று என்ன மிச்சம்? விழுங்கிவிட்டேன். புரட்டாதி பிறக்க முன்னம் வரும் ஒரு சனியைக் கலண்டரில் பார்த்துச் சொன்னேன். "மீன்குழம்பைக் கொம்மாவே வைக்கட்டும்" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "ஓம் அன்ரி" என்று தலையாட்டினாள்.

அந்தப் பார்வைதான் என்னை இருக்கவிடவில்லை. ஆஸ்பத்திரியில் நாலாம் நாள், நான் சுடுதண்ணிப் போத்தலோடு திரும்பி வந்தபோது, அவள் உன் வாயருகே காதை வைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினீர்கள். அவளிடம் அதைக் கேட்க எனக்கு ஏலாது. எல்லாம் தெரிந்துகொண்டுதான், நானாகச் சொல்லட்டும் என்று, என் முன்னால் வந்து வந்து "என்ர பிழை" என்கிறாளோ? அன்று நீ அவளிடம் சொல்லிவிட்டாயா, குஞ்சு?