இரண்டு பேர் செய்த வேலை

தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடையில் சான்றிதழ்களுக்கு நகல் எடுத்துக்கொண்டு நிற்கிறேன். சூடான தாளின் வாசம் மூக்கில் ஏறியதும் உன் ஞாபகம் வந்துவிட்டது. கிடைத்துவிட்டதடி! முனைவர் பட்ட ஆய்வுக்கு எனக்கு இடம் கிடைத்துவிட்டது! கடைக்கார அண்ணாச்சி, "என்னம்மா, தனியா சிரிக்கே?" என்கிறார். அவரிடம் என்னத்தைச் சொல்ல?

இதே கடையில்தான் என் முதல் விண்ணப்பத்தை நீ வாசித்தாய். ‘ஆய்வின் நோக்கம்’ என்ற இடத்தில், ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்த எனக்குக் கருணை கூர்ந்து இடம் அளிக்குமாறு பணிவுடன் கேட்டிருந்தேன், இங்கிலீஷில். ரேஷன் கார்டிலிருந்து தெருவிளக்கு வரை மனு எழுதியே பழகிய கை அல்லவா! நீ தலையில் அடித்துக்கொண்டாய்.

"ஏட்டி, முதியோர் பென்ஷனா கேக்கே? என்ன கண்டுபுடிச்சோம்னு எழுதுட்டி!"

சாரலில் நனைந்து, செல்போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு, குற்றாலம் மெயினருவிச் சத்தத்தை இரண்டு சீசன் பதிவு செய்தோமே. தண்ணீர் கூடுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே சத்தம் கனத்துவிடுகிறது என்று முதலில் சொன்னவள் நீ. நான் நம்பவில்லை. "காது கேக்குதா இல்லியாட்டி ஒனக்கு?" என்று ஹெட்போனை என் தலையில் மாட்டினாய். கேட்டது! துள்ளிக் குதித்ததில் நான் வழுக்கி விழ, காவலுக்கு நின்ற போலீஸ்கார அண்ணாச்சி இருவரையும் விரட்டினார். விழுந்து விழுந்து சிரித்தபடி ஓடினோம்.

என் விண்ணப்பத்தை நீ வாசித்த அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன் விண்ணப்பம் பாதியில் நின்றது. என்னுடையதை அனுப்பினேன். அதில் எங்கும் ‘நான்’, ‘நான்’ என்றே எழுதியிருந்தேன். வேறொருத்தியும் சேர்ந்து செய்தாள் என்றால் இடம் தரமாட்டார்களோ என்ற பயம். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

போன வாரம் நேர்காணல். எதிரே இருந்த பேராசிரியை, "இவ்வளவும் நீங்க தனியாவா செஞ்சீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னால் போதும். யாருக்குத் தெரியப்போகிறது? என்னால் முடியவில்லை.

"இல்ல மேடம், நாங்க ரெண்டு பேரு. மொதல்ல சத்தத்தப் புடிச்சது அவதான். இப்ப அவ இல்ல."

போச்சுடா, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். அந்த அம்மா உன் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இன்று காலை மெயில் வந்தது. கீழே அவர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: ‘முதல் கட்டுரையை உங்கள் இருவர் பெயரிலும் எழுதத் தொடங்குங்கள்.’ செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள்.

"அவ பேரு அச்சுல வருமா?"

"வரும் அத்த. அவ பேருதான் மொதல்ல."

அழுவார்கள் என்று நினைத்தேன். அடுப்படிக்குப் போய் ரவையை வறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீ போன பிறகு அந்த வீட்டில் இன்றைக்குத்தான் இனிப்பு செய்கிறார்கள். ஒரு சம்புடம் நிறையக் கேசரி வைத்து என்னிடம் கொடுத்தார்கள். இன்னும் சூடு ஆறவில்லை, இந்த ஜெராக்ஸ் கடையில் கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.