பைண்டில் விட்டுப்போன வாரம்

என் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கித் தருவதாகச் சொல்லிக்கொண்டே இருந்த ரஹ்மத்தக்கா,

பூட்டு இன்னும் வந்து சேரவில்லை. அதனால் பேசுகிறேன். நாலாங்கிளாஸ் எழுத்துதான், கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

ராயபுரத்தில், உன் வீட்டு முன்னறையில் நீ வாடகைக்கு விட்ட புத்தகங்கள் அப்படியே இருக்கின்றன. பேரும் மாறவில்லை. தடியாக இருந்தால் தலகாணி. மாதாமாதம் வரும் ஒல்லி நாவல் டீ புக்கு. டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, தைத்து அட்டை போட்டால் பைண்டு. இந்தப் பேர் தெரிந்தால் போதும், உன் இடத்தில் நானே உட்கார்ந்துவிடலாம் என்று இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை நான் புத்தகங்களைத் தூசி தட்டிக்கொண்டிருந்தபோது உன் வீட்டுக்காரர் காதர் மாமா கோணியோடு வந்து நின்றார்.

"அவளே போய்ச் சேந்துட்டா. இனிமே யாரு வரப்போறாங்க? பழைய பேப்பருக்குப் போட்டுட்டு ரூமை செல்போன் கடைக்கு வுட்டுடறேன்."

"இந்தக் கோணி தலகாணிக்கே பத்தாது மாமா, ஹார்பர்லேர்ந்து கிரேனை இட்டுக்கினு வா" என்றேன். சிரிக்கவில்லை மனுஷன்.

அந்த நேரம் பார்த்து மீன்கார கஸ்தூரி ஒரு பைண்டோடு வந்தாள். "இன்னாக்கா இது, நடுவுல ஒரு வாரத்தையே காணோம்! கல்யாணத்தன்னிக்கி மாப்பிள்ளை ஓடிப்பூட்டான். அடுத்த பக்கத்துல அவகூடவே குடும்பம் நட்த்திக்கினு கீறான். நடுவுல இன்னாச்சி?"

அந்த வாரத்துப் பத்திரிகை உனக்குக் கிடைக்கவே இல்லையே. கேட்டவர்களுக்கெல்லாம் வாயால்தானே சொல்வாய்? நீ எனக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஓடினான், பிழைத்ததும் திரும்பினான்.

டீ புக்கு எடுக்க வந்த மேரி குறுக்கே பாய்ந்தாள். "ஐய, எங்கிட்ட போலீஸ் தொரத்துச்சுன்னுல்ல அக்கா சொன்னாங்க!"

"உனுக்கு மாத்தி ஞாபகம் கீது" என்றேன்.

"உனுக்குத்தான்!"

மாமா கோணியைக் கீழே போட்டார். "ரெண்டும் இல்ல. அவன் பயந்துபோய் ஓடினான். அந்தப் பொண்ணே தேடிப்போய், கையப் புடிச்சி இட்டாந்தா. எங்கிட்ட அப்டித்தான் சொன்னா."

கஸ்தூரி பைண்டை மாமா பக்கம் நீட்டினாள்.

அடிப்பாவி அக்கா, ஆளுக்கொரு கதையா? மாமாவுக்கு மட்டும் ஏன் அந்தக் கதை?

மாமா கோணியை மடித்து ஸ்டூல் மேல் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். "அந்த பைண்டை எடுத்தவங்க இன்னும் யாரு யாரு கீறாங்க? வரட்டும். ஒவ்வொருத்தர்கிட்டயும் அவ இன்னா சொன்னான்னு கேக்கணும்."

இப்போது தினமும் சாயங்காலம் மாமாதான் கடை திறக்கிறார். அந்த வாரத்துப் பத்திரிகை எங்காவது கண்ணில் பட்டாலும் அதை பைண்டில் சேர்த்துத் தைக்கமாட்டேன். சத்தியம்.

உன் வாயாடித் தங்கச்சி,
செல்வி