வெள்ளத்தில் தப்பிய வேதப்புத்தகம்

மரக்காணம்

அன்பு மகன் ஜெயசீலனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் உன்னையும் மருமகளையும் சுகத்தோடு காப்பாராக. இங்கே மழை விட்டுவிட்டது. உப்பளம் முழுக்கச் சேறு. தை பிறந்தாலும் பாத்தி கட்ட முடியுமா, தெரியவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லலாம். ஆனால் நீ வேலை முடிந்து கூப்பிடும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார்.

நம் வேதப்புத்தகத்தை அப்பா கழுத்தளவு தண்ணீரில் போய் எடுத்து வந்ததாகச் சபை வாட்ஸ்அப்பில் வந்ததை நீ எல்லோருக்கும் அனுப்பியிருந்தாய். அது உண்மையில்லை, தம்பி.

தண்ணீர் ஏறியதும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அப்பா டிவியைத் தூக்கிக்கொண்டார். நான் நகை டப்பாவை எடுத்தேன். நாலு தலைமுறையின் பிறப்பும் ஞானஸ்நானமும் சாவும் எழுதிய புத்தகம், உன் தாத்தா ஓரமெல்லாம் பென்சிலால் ஜெபம் எழுதி வைத்த புத்தகம், எங்கள் இருவர் நினைவிலும் வரவில்லை. நாங்கள் உள்ளே மாட்டிக்கொண்டோமோ என்று பார்க்கப் போனவர் நம் உப்பளத்தில் வேலை செய்யும் பாவாடை அண்ணன். வீட்டில் ஆளில்லை என்றதும், நனைந்து கிடந்த புத்தகத்தை உப்பு மூடுகிற தார்ப்பாயில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு வந்து கொடுத்தார். தகரம் கிழித்துக் காலெல்லாம் ரத்தம். அப்பா புத்தகத்தைத்தான் பார்த்தார். நானும்தான்.

ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயர் அதை எல்லோருக்கும் காட்டி, எப்படித் தப்பியது என்று கேட்டார். அப்பா சபைச் செயலாளர். மைக்கைப் பிடித்து, தானே போய் எடுத்ததாகச் சாட்சி சொல்லிவிட்டார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். பெண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி நானும் சொன்னேன்.

வெளியே வந்தால் வாசலில் பாவாடை அண்ணன் மனைவி குப்பம்மாள். அண்ணன் கால் வீங்கி, ஜுரத்தில் பிதற்றுகிறாராம். புதுச்சேரிக்குக் கொண்டுபோக நம் காரைக் கேட்க வந்திருந்தாள். மைக்கில் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். என்னிடம், "பைபிளு காஞ்சிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அப்பாவே வண்டி ஓட்டினார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். இனி அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் எப்படி இறங்குவார்? அப்பா தினமும் போய்க் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டு வருகிறார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாராம். அண்ணன், "விடுங்க மொதலாளி, சாமி பொஸ்தகமாச்சே, உட்டுட்டு வர மனசு வரல" என்றாராம். அப்பா கேட்காமலே திரும்பி வந்துவிட்டார்.

புத்தகத்தைத் தாள் தாளாக ஃபேன் காற்றில் காய வைத்தேன். தாத்தாவின் பென்சில் எழுத்து அப்படியே இருக்கிறது. அப்பா மையில் எழுதியதுதான் கலைந்துவிட்டது.

போன ஞாயிறு அவர் ஆலயத்துக்கு வரவில்லை. ஐயர் விசாரித்தார். ஜுரம் என்றேன். அதுவும் பொய்தான்.

அப்பாவிடம் கோபமாகப் பேசாதே. நீ அனுப்பிய செய்தியைத் திருத்தி, பாவாடை மாமா பெயரைப் போட்டு அனுப்பு. கிறிஸ்துமஸுக்கு வரும்போது முதலில் அவர் வீட்டுக்குப் போ. பிறகு இங்கே வா. சபைக்கு முன்னால் எழுந்து நிற்க அப்பாவுக்குப் பெலன் கிடைக்க வேண்டும் என்று ஜெபம் பண்ணு, மகனே. எனக்கும் சேர்த்துப் பண்ணு.

உன் அம்மா,
அமுதவல்லி