எல்லைக்கல்லோடு நின்ற கேப்டன்

அண்ணா,

இன்று காலை நம் வீட்டுக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். என் வீட்டுக்காரர், அதான் உன் மாப்பிள்ளை, உனக்கு முன்னால் பேக் ஆடிய சவரிமுத்து, வலது ஓரத்தில் ஓடுவாரே அந்தக் காதர் பாய், தேரடித் தெருப் பெருமாள். ஆக நாலு பேர். சமையலறை நிலைக்கு உள்ளே முறமும் கையுமாக நான். என்னையும் சேர்த்தால் ஐந்து. என் பெண், உன் மருமகள், பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

சவரிமுத்து ஒரு சாக்கைக் கொண்டுவந்திருந்தார். மூடிக் கிடந்த வேர்க்கடலை மண்டிக் கிடங்கைச் சுத்தம் செய்தபோது பழைய மல்லாட்டைத் தோலுக்கு அடியில் அகப்பட்டதாம். வாயை அவிழ்த்துக் கவிழ்த்தார். நம் கிளப்பின் கால்பந்து. காற்றெல்லாம் போய், வாய்க்கயிறு அறுந்து, தரையில் அமுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததைவிட அதன் வாசனைதான் என்னை என்னவோ செய்துவிட்டது. தோலும் விளக்கெண்ணெயும் கலந்த அந்த வாசனை. சனிக்கிழமை சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து, பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல அதற்கு நீ தேய்ப்பாய். என் விளக்கெண்ணெய்ப் புட்டி குறைந்துகொண்டே வருகிறது என்று நான் சண்டை போடுவேன். "மலச்சிக்கலு வந்தவனுக்கு நாலு சொட்டு போதும், பந்துக்கு அரை ஆழாக்கு வேணும்மே" என்பாய்.

அவர்கள் வந்த காரியத்தைச் சொல்கிறேன். கிளப்பை மறுபடி ஆரம்பிக்கிறார்களாம். இந்தத் தடவை சம்பள ஆட்டக்காரர் கிடையாது, உள்ளூர் ஆட்கள் மட்டும். வருஷத்துக்கு ஒருமுறை கோட்டை அடிவார மைதானத்தில் உன் பேரில் ஒரு பந்தயம் வைக்கலாம் என்று சவரிமுத்து சொன்னார். காதர் பாய் உடனே சரி என்றார். பெருமாள் மட்டும் வெற்றிலையை மடித்தபடியே, "வைக்கலாம். ஆனா தேதி பாக்கத் தெரியாதவரு பேருல பந்தயம்னா, எந்தத் தேதின்னு போடறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சவரிமுத்துகூட வாயைப் பொத்திக்கொண்டார். உன் மாப்பிள்ளையும் சிரித்தார், அண்ணா. நான் குனிந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லும் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு என் பழைய நோட்டை எடுத்தேன். உனக்கு நினைவிருக்கும். இடது பக்கத்தில் ஆட்டம், வலது பக்கத்தில் வேண்டுதல். இத்தனை கோல், அதற்கு இத்தனை தேங்காய். பொட்டலம் கட்டி வந்த காகிதங்களைப் பார்த்து எழுத்துக் கற்றவள் நான். என் 'ழ'வைப் பார்த்து, பாம்பு படம் எடுக்கிறது என்று நீ கேலி செய்வாய். ஆனாலும் கிளப்புக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லவும் பதில் எழுதவும் என்னிடம்தான் வருவாய். கேப்டன் தானே எழுதுகிறார் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உனக்குக் கையெழுத்துப் போடுவதற்கே அரை நாழி ஆகும் என்பது நமக்குள் இருந்த ரகசியம்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷத்துக் கணக்கைப் புரட்டினால் இப்போதுகூட மூச்சு வாங்குகிறது. மல்லாட்டை மண்டி முதலாளிக்கு எங்கிருந்தோ ஆசை வந்து, புதுச்சேரியிலிருந்து இரண்டு பேரையும் ஆற்காட்டுப் பக்கமிருந்து மூன்று பேரையும் மாதச் சம்பளத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஐந்து பேருக்கும் சாப்பாடு நம் வீட்டில். முதல் நாலு ஆட்டமும் ஜெயம், என் நோட்டில் தேங்காயாக ஏறிக்கொண்டே போயிற்று. ஐந்தாம் ஆட்டத்துக்கு முந்தின நாள் புதுச்சேரி ஆள் ஒருவன், குழம்பு நன்றாயிருக்கிறது என்று மூன்றாம் முறை சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டுவிட்டு, பூட்சை எடுத்துக்கொண்டு போனவன் போனவன்தான். அங்கே வேறொரு கிளப்பில் அதிகம் தருகிறார்களாம். "போவுது வுடு, நம்ம காலுக்கு பூட்சே வேணாம்" என்று நீ சிரித்தாய். அந்த ஆட்டம் தோல்வி. அடுத்தது விழுப்புரத்தில். கோலா இல்லையா என்று வாக்குவாதம் வந்து, கூட்டம் உள்ளே இறங்கி, நம் ஆட்கள் கரும்புக் கொல்லை வழியாக ஓடி வந்தார்கள். நீ மட்டும் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ரோட்டோடு நடந்தே வந்தாய். "பந்து நம்முது, அத வுட்டுட்டு ஓட முடியுமா?" என்றாய்.

மல்லாட்டை விலை விழுந்தது. முதலாளியின் முகமும் விழுந்தது. கடைசியில் அவர் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். திண்டிவனத்தில் நடக்கும் கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் இன்னொரு வருஷம் நடத்துவார். இல்லையென்றால் கிளப் இல்லை. அந்த ஆட்டத்தைப் பார்க்க மதராஸ் கிளப்புக்கு ஆள் எடுக்க ஒருவர் வருவதாகவும், பெருமாளின் காலைப் பற்றி அவர் காதுக்கு எட்டியிருப்பதாகவும் பேச்சு இருந்தது. பெருமாள் அந்த மாதம் முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

திண்டிவனத்தார் இரண்டு தேதி எழுதி, எது வசதி என்று கேட்டிருந்தார்கள். கார்டை என்னிடம் கொடுத்து, "நீயே பஞ்சாங்கத்தப் பாத்து நல்ல நாளா போட்டுடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு நீ மைதானத்துக்குப் போய்விட்டாய். நானும் பார்த்தேன், அண்ணா. விளக்கேற்றி வைத்துவிட்டுத்தான் பார்த்தேன். முதல் தேதி அஷ்டமி. அஷ்டமியில் யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்புவார்களா? இரண்டாம் தேதி வளர்பிறை, நல்ல நட்சத்திரம், சூலம்கூட இடைஞ்சல் இல்லை. அம்மன் தேருக்கும் நாலு நாள் முந்தி வருகிறது. தேரையும் பார்க்கலாம், கோப்பையையும் தேரடியில் வைத்துக் கும்பிடலாம் என்று மனசுக்குள் கோலம் போட்டுக்கொண்டே அந்தத் தேதியை எழுதி, நீ வந்ததும் கையெழுத்து வாங்கித் தபாலில் சேர்த்தேன்.

தேரை நினைத்தவள் காப்பை நினைக்கவில்லை. பஞ்சாங்கத்தில் ராகு இருக்கும், கேது இருக்கும். நம்மூர் அம்மனுக்குக் காப்புக் கட்டுகிற நாள் இருக்குமா? தேருக்கு எட்டு நாள் முன்னால் காப்பு. தேர் இழுக்கும் வீட்டு ஆண்கள் கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால், தேர் நிலைக்கு வந்து சேரும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. கிளப்பில் தேர் இழுக்கும் வீட்டார் எத்தனை பேர்? உன்னையும் பெருமாளையும் சேர்த்து ஆறு. பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வழக்கம் அந்த ஒரு மத்தியானம் மட்டும் என் புத்தியில் இல்லை. அஷ்டமிக்குப் பயந்த பக்தி கண்ணை மறைத்துவிட்டது.

தெருவில் பறை கொட்டிக் காப்புத் தேதியைச் சொன்னபோது அடுப்பில் பால் இருந்தது. அது பொங்கி வழிந்து அணைந்தும் நான் இறக்கவில்லை. நீ சாப்பிட வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்தாலும் திட்டினாலும் தேவலை என்றிருந்தது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். பிறகு, "அஷ்டமியில போயிருந்தா பதினோரு பேரும் போயிருக்கலாம். அம்மனுக்கே சிரிப்பு வந்திருக்கும்" என்றாய். அப்புறம் இலையைப் பார்த்தபடியே, "மாப்ளகிட்ட சொன்னியா?" என்று கேட்டாய்.

சொல்லவில்லை என்றேன். சொல்லவேண்டாம் என்றாய். உன் மாப்பிள்ளை அப்போது அந்த முதலாளியிடம்தான் தராசு பிடித்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை வேலைக்கு அவர் பேர் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். அவர் வீட்டுக்காரி கையால்தான் கிளப் கவிழ்ந்தது என்று தெரிந்தால் முதலாளி அவரை வைத்துக்கொள்வாரா? அந்த யோசனை எனக்கு வரவில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்த உனக்கு வந்தது.

தேதியை மாற்றச் சொல்லித் திண்டிவனத்துக்கு ஆள் போனது. எழுதிக் கொடுத்தது நீங்கள்தானே, நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. முதலாளி மண்டியில் எல்லோர் எதிரிலும் உன்னை நிற்கவைத்துக் கேட்டார். தேதியைத் தானே பார்த்ததாகவும், காப்பை மறந்துபோனதாகவும் நீ சொன்னாய். கயிற்றை அவிழ்த்துவைத்துவிட்டு ஆடிவிட்டு வந்து மறுபடி கட்டிக்கொள்ளச் சொன்னாராம். அதற்கு நீ சொன்ன பதிலை உன் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து கோபத்தோடு சொன்னார்: "அது எங்க தங்கச்சி பொண்ணுக்காக கட்டினது முதலாளி. அவுக்க மாட்டன்."

அந்த வருஷம் குழந்தைக்கு அம்மை போட்டு, கண் திறக்காமல் கிடந்தாளே. பிழைத்தால் காப்புக் கட்டித் தேர்வடம் பிடிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவன் நீ. மற்ற ஐந்து பேரும் அவரவர் வீட்டுக்காகக் கட்டினார்கள். நீ என் வீட்டுக்காகக் கட்டினாய்.

ஆட்டத்தன்று, பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ் பஜாரிலிருந்து புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. உள்ளே ஏழு பேர். சவரிமுத்து, காதர் பாய், சம்பள ஆட்கள் நாலு பேர், கணக்குக்குச் சேர்த்துக்கொண்ட ஒரு டெய்லர். கோல் காக்க நீ இல்லாததால் டெய்லர் நின்றார். நீ திண்டிவனம் ரோட்டு எல்லைக்கல்வரை பஸ்ஸுக்குப் பின்னாலேயே நடந்து போனாயாம். கல்லோடு நின்றுவிட்டாய். வெயில் சாய்ந்த பிறகும் நீ திரும்பி வரவில்லை என்று தெரிந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சொம்பு மோரோடு நான் வந்தேன். புளியமரத்து நிழல் எப்போதோ நகர்ந்து போயிருந்தது, நீ நகரவில்லை. கல்லுக்கு இந்தப் பக்கம், ரோட்டைப் பார்த்துக்கொண்டு, கோலுக்கு முன்னால் நிற்பதுபோலவே முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றுகொண்டிருந்தாய். மோரைக் குடித்தாய். எத்தனை கோல் வாங்கியிருப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. நீயே, "டெய்லரு கத்திரி புடிச்ச கை. எதனா ரெண்டு புடிச்சிருப்பாரு" என்றாய்.

அங்கேதான் முதலாளியின் வீட்டுக்கே போய் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்று அழுதேன். நீ என் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாய். உன் மணிக்கட்டுக் கயிற்றின் மஞ்சள் என் புறங்கையில் ஒட்டியது.

"மாப்ளகிட்டயும் சொல்லாத, ஊர்லயும் சொல்லாத. புள்ள மேல சத்தியம். எனுக்கு இன்னா, நாலு நாளு பேசுவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க."

நான் சத்தியம் செய்தேன்.

ஆறு கோல் வித்தியாசத்தில் தோற்றுத் திரும்பினார்கள். டெய்லர் நீ சொன்னதுபோல் இரண்டைப் பிடித்திருந்தார். கிளப்பைக் கலைத்தாயிற்று. சம்பள ஆட்கள் என் கையால் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு மூட்டை கட்டினார்கள். மதராஸ் ஆள் பார்க்க வந்தது பெருமாளை, பெருமாளோ எல்லைக்குள். பெருமாள் உன்மேல் கொண்ட கோபத்தை நான் தப்பென்று சொல்லமாட்டேன். அது வரவேண்டிய இடம் வேறு, அவ்வளவுதான்.

அண்ணா, எல்லாவற்றையும் சரியாகப் பார்க்கிற உன் கணக்கு ஒன்றில் பிசகிவிட்டது. நாலு நாளில் மறக்கவில்லை. 'தேதி கேப்டன்' என்று பஜாரில் கூப்பிட்டார்கள். நீ திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவாய். யார் வீட்டில் கல்யாணத்துக்கு நாள் குறித்தாலும் "அவர மட்டும் கேக்காதீங்க" என்று ஒரு குரல் வரும். உன் மாப்பிள்ளை ஒரு வருஷம் உன்னோடு சரியாகப் பேசவில்லை. தீபாவளிக்கு நீ சீர் கொண்டுவந்தபோது அவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல் "வாங்க" என்றார். நான் உள்ளே போய்க் கடுகு டப்பாவைத் திறந்து திறந்து மூடினேன். விஷக்காய்ச்சலில் நீ கிடந்த கடைசி நாட்களில் உன் தலைமாட்டில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டேன், இப்போதாவது சொல்லட்டுமா என்று. நீ கண்ணைத் திறந்தாய். பதில் வரவில்லை. மறுநாள் நீயே இல்லை. அந்தக் கேள்வி அப்படியே என்னிடம் இருக்கிறது. சுவாமி அறையில் நிற்கும்போதெல்லாம் மற்ற வேண்டுதல்களுக்கு முன்னால் அதுதான் வந்து நிற்கிறது.

இப்போது யோசித்துப் பார். மண்டி மூடியாகிவிட்டது. முதலாளி ஊரை விட்டே போய்விட்டார். உன் மாப்பிள்ளை ரேஷன் கடையில் உத்தியோகம் பார்க்கிறார், அவரை யாரும் எதுவும் செய்ய முடியாது. எதற்காகச் சத்தியம் வாங்கினாயோ அந்தக் காரணம் ஒன்றுகூட மிச்சமில்லை. மிச்சமிருப்பது உன் பேர்மேல் என் தப்பு மட்டும். அவர் கோபிப்பார், எனக்குத் தெரியும். உன்னோடு பேசாமலிருந்த அந்த ஒரு வருஷத்தை நினைத்து அவர் படப்போகும் பாடு என்னைத் திட்டுவதைவிடப் பெரிதாயிருக்கும். அதையும் தாங்கிக்கொள்ளலாம். பெருமாள் முகத்தில் விழிக்கவும் தயார். குழந்தை தலைமேல் அடித்த சத்தியத்தை மட்டும் நானாக மீற முடியவில்லை. ஒன்பது வயசு முடிந்து பத்து நடக்கிறது அவளுக்கு. லேசாக உடம்பு சுட்டால்கூட மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறேன். சத்தியத்தை வாங்கியவன் நீ. திருப்பித் தரவேண்டியவனும் நீதான்.

வரும் வெள்ளிக்கிழமை அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்க்கப் போகிறேன். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. வெள்ளை வந்தால் நீ விட்டுக்கொடுத்துவிட்டாய் என்று எடுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடும்போது நிலைக்கு உள்ளே நிற்கமாட்டேன். கூடத்துக்கு வந்து, அந்தக் கார்டில் தேதி எழுதியது யார் என்று நானே சொல்லிவிடுவேன்.

இடையில் மூன்று நாள்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சீக்கிரம் பதில் சொல், அண்ணா.

உன் தங்கை